ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த படகு

ஏப்ரல் 6
கணக்கு அரியர் மட்டும் பாக்கி. வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி ஜூன் வரை காத்திருக்கும். அதற்குமேல் இல்லை.

அம்மா மீன்கூடையை இறக்கிவிட்டு: "இன்னாடி, அந்த ஒத்தப் பேப்பரு இன்னும் உன்ன வுடலியா?"

வுடல.

ஏப்ரல் 9
லாப்லாஸ் உருமாற்றம் பிடித்திருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டை வெறும் இயற்கணிதமாக்கி, தீர்த்து, திரும்ப அழைத்துவருகிறது. கன்வல்யூஷன்தான் பிடிபடவில்லை. ஒரு சார்பை எதற்குத் திருப்பிப்போட்டு இன்னொன்றின்மேல் நகர்த்த வேண்டும்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து, கூடப் படித்த அனம், போனில்: "மனப்பாடம் பண்ணு தாயே. நான் அப்டித்தான் பாஸானேன்."

ஏப்ரல் 13
காசிமேடு. கட்டிக்கிடந்த படகில் அப்பா வலை தைத்துக்கொண்டிருந்தார். பெரிய படகு ஒன்று கடந்தது. கொஞ்சம் கழித்து எங்களுடையது ஆடியது. அடங்குவதற்குள் இன்னொன்றின் அலை.

இந்தக் கணத்து ஆட்டம் — வந்த அலைகள் எல்லாவற்றின் மிச்சமும் கூடியது. முதலில் வந்தது அதிகம் தேய்ந்திருக்கிறது, கடைசியில் வந்தது குறைவாக. அதற்குத்தான் திருப்பிப்போடுகிறோம்!

ஏப்ரல் 20
மாதிரித் தேர்வு. அனம் திருத்தி அனுப்பினாள்: "கன்வல்யூஷன் சூப்பர். ஆன்சர் தப்பு. y(0) = 2ன்னு குடுத்துகீறான், அத்த எங்க முழுங்கின?"

போன வருடமும் இதே தப்பு. y(0), அதாவது தொடக்க மதிப்பு என்றாலே கை தானாகச் சுழியம் போடுகிறது. ஏன்?

ஏப்ரல் 27
அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எதுவும் கடக்கவில்லை, தண்ணீர் சும்மாக் கிடந்தது. நம்பிக் கால் வைத்தேன். படகு வழுக்கி விலகியது. கேரியர் தண்ணீருக்குள்.

"அலையே இல்லியே நைனா!"

"நீ வர்றதுக்கு மின்னாடியே ஆடிகினு கீது. இப்ப பாரு, வஞ்சிரக் கொழம்பு வஞ்சிரத்துக்கே போச்சு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வந்த கணத்திலிருந்தே கணக்கை ஆரம்பிக்கிறேன். கன்வல்யூஷன் அலைகளுக்கான பதில் மட்டும். முன்பே இருந்த ஆட்டத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

கணக்கில் மட்டும்தானா இப்படி, நான்?

மே 14
தேர்வு. கேள்வியைப் படித்ததும் முதலில் எழுதியது: y(0) = 1. பிறகுதான் மற்றதெல்லாம்.

ஜூன் 12
அப்பா புது கேரியர் வாங்கிவந்தார். மூன்றடுக்கு.

"ஆபீசுக்கு எத்துகினு போ. இத்தயும் கடலுக்குத் தாரை வார்க்காத."

அம்மா உள்ளே வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள்.