கறுப்புக் கரை வைத்த போஸ்டர்

செப். 6, சனி

சோளகக் காற்று. பரந்தன் முழுக்கப் புழுதி. அச்சுக் கடைக் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தாயிற்று.

வேலை: கலியாணக் காட் (அவசரம்), சிநேகிதன் பர்ஹானின் போஸ்டர் (அதைவிட அவசரம்). கம்பஸ் இறுதி வருடத்துக்கு அவன் எடுத்த விவரணப் படம், ‘இறால் கூடை’. நாயாற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் றோசலின் அக்காதான் படம் முழுக்க. திரையிடல் 13ஆம் திகதி.

யோசிக்க நேரமில்லை. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து முகத்தை மட்டும் மாற்றினேன். நீள்வட்டத்தில் அக்கா, கறுப்புக் கரை, கீழே பெயர், ஊர், திகதி. படத்தின் பெயர் மேலே சின்னதாக.

“கறுப்பு வெள்ளை நல்ல வடிவாயிருக்கு” என்றான் பர்ஹான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

செப். 8, திங்கள்

ஒட்டி முடிந்தது. பர்ஹான் முல்லைத்தீவுப் பக்கம். நான் பரந்தன், கிளிநொச்சி, பிறகு பஸ்ஸில் வவுனியா. அங்கே ஒரு போன் கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டும்போது கடைக்காரர் வெளியே வந்தார். ஏசப் போகிறார் என்று பயந்தேன். கனநேரம் போஸ்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நெற்றியில் தழும்பு, தாடி.

பசை காய்ச்சிக் கோதுமை மா முடிந்துவிட்டது. குசினியில் அம்மாவின் புறுபுறுப்பு.

செப். 9, செவ்வாய்

கடை திறந்ததும் பர்ஹானின் போன்.

“என்ன செய்து வச்சிருக்கிறாய்? அக்கா செத்திட்டா எண்டு வீடு முழுக்கச் சனம்! பந்தல்காரரும் வந்திட்டினம்.”

உருத்திரபுரத்திலிருந்து அக்காவின் தங்கச்சி ஓட்டோவில் வந்து, ஒழுங்கையிலேயே குளறத் தொடங்கிவிட்டாராம். அக்கா கூடையோடு கரையிலிருந்து வந்து, என்ன ஏது என்று தெரியாமல் வாசலில் நின்றாராம்.

நான் திறந்தது கண்ணீர் அஞ்சலிக் கோப்பு. கிழமைக்கு நாலைந்து அடிக்கிறேன், கண்ணுக்குப் பழகிவிட்டது. சந்தியில் கறுப்புக் கரைக்குள் ஒரு முகத்தைக் கண்டால் யார் நின்று வாசிப்பார்கள்?

வாயில் வந்தது இதுதான்: “நான் இல்லை. முதலாளிதான் கரையை மாத்திப் போட்டார்.”

முதலாளி பக்கத்து மேசையில். தலை நிமிரவில்லை. பிறகு, “பிள்ளை, அந்தக் கலியாணக் காட் முடிஞ்சுதோ?” என்று மட்டும் கேட்டார். ஏசியிருக்கலாம்.

செப். 10, புதன்

சந்தியில் ஒட்டியதைக் கிழித்தேன். பசை நல்ல பசை. பாதி முகம் வரவில்லை.

கச்சான் விற்பவர்: “ஆர் பிள்ளை, சொந்தமோ?”

ஓம் என்றேன். ஏன் சொன்னேன்? வெட்கம் கெட்டவள்.

செப். 12, வெள்ளி

காலையில் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி, சரி” என்றார். முகம் பார்க்கவில்லை.

பிறகு நாயாறு. அக்கா கதிரையைத் துடைத்துத் தந்தார். அதுவே தாங்க முடியவில்லை.

“முதலாளி இல்லை அக்கா, நான்தான். செத்தவீட்டுப் போஸ்டரில உங்கட முகத்தை வச்சனான். பிறகு பொய்யும் சொன்னனான்.”

அக்கா சிரித்தார். “விடு பிள்ளை. என்ர செத்தவீட்டை நானே பாத்திட்டன். ஆருக்குக் கிடைக்கும்?”

வந்தவர்களை விரல் மடித்துச் சொன்னார். தங்கச்சி. பாதர். மூன்று வருசமாகக் கதைக்காத பக்கத்து வீட்டுக்காரி. அவர்தான் பெரிதாக அழுததாம். அதோடு விரல் நின்றது.

“மூத்தவன்தான் வரேல்லை. கலியாணத்தோட கோவிச்சுக்கொண்டு போனவன். வவுனியாவில போன் கடை.”

சுவரில் மகனின் கலியாணப் படம். மாப்பிள்ளையின் நெற்றியில் தழும்பு. தாடி மட்டும் இல்லை.

“நீங்கள் வவுனியாவில ஒட்டேல்லைத்தானே பிள்ளை?”

அக்கா ஊற்றித் தந்த பிளேன்ரீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“இல்லை அக்கா. அங்க ஒட்டேல்லை.”

“அதுதானே பாத்தன். தெரிஞ்சிருந்தால் ஓடி வந்திருப்பான்.”