ஜெபத்தில் மாறிய ஜீனோடைப்

இபாதான்,
சனிக்கிழமை

என் மகன் ஃபோலாரினுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, கனடா குளிர் உன்னை விட்டுவைத்திருக்கிறதா? இங்கே கடவுள் தயவில் எல்லாரும் சுகம், என் மூட்டையும் தலையையும் தவிர. தலைவலி இல்லையப்பா, குழப்பம். போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கை மொரேனிகே பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் காகிதம்.

அவளுக்கும் கொலாப்போவுக்கும் கல்யாண வகுப்பு தொடங்கிய அன்றே பாஸ்டர் இரண்டு பேரின் ரத்த வகை எழுதிய ஜீனோடைப் தாள் கேட்டார், வந்தது, இரண்டு பேருக்கும் ஏஎஸ். ஏஎஸ்ஸும் ஏஎஸ்ஸும் சேர்ந்தால் பிள்ளைக்கு எஸ்எஸ், அந்தப் பாழாய்ப்போன அரிவாள் செல் நோய், வரலாம், உன் தம்பி அயோடேலேவுக்கு வந்தது போல. "இந்தக் கல்யாணத்த நான் நடத்த மாட்டேன் மம்மி" என்று பாஸ்டர் கைவிரித்துவிட்டார். இவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்புறம் அவரே மனம் இளகி, "இருபத்தொரு நாள் உபவாசம் இருங்க, ரத்தத்தப் படைச்சவருக்கு ஒரு எழுத்த மாத்தத் தெரியாதா?" என்றார். நானும் கூட இருந்தேன். முடிந்ததும் கொலாப்போ சந்தைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற லேபில் ரத்தம் கொடுத்தான், ஏஏ, குறையே இல்லாத ரத்தம்! சபையில் சாட்சி சொன்னார்கள், ஒரே கைதட்டல், நானும் ஆடினேன், பொய் சொல்வானேன்.

அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிய பாஸ்டர் மறுநாள் கூப்பிட்டு வேறொரு லேபிலிருந்து இன்னொரு தாள் வேண்டும் என்கிறார். "விசுவாசம் விசுவாசம்தான் மம்மி, ஆனா ஃபைலுக்கு ஒண்ணு வேணுமே" என்கிறார். கொலாப்போ மாட்டேன் என்கிறான், "திரும்பப் பாத்தா கடவுள சந்தேகப்பட்ட மாதிரி, கெடச்சதுகூடப் போயிடும்" என்கிறான். மொரேனிகே அவன் பக்கம். எனக்கோ யார் பேசினாலும் அவர் சொல்வதே சரியாகப் படுகிறது. அயோவுக்குக் கைகால் வீங்கியபோது உன் அப்பாவின் அத்தை, அவன் அபிகு, செத்துச் செத்துப் பிறக்கிறவன் என்று, திரும்பப் போகாதிருக்கக் கன்னத்தில் கீறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் எஸ்எஸ் என்றார்கள், உன் அப்பாவுக்கும் எனக்கும் ஏஎஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அந்த எழுத்துக்கே ஜெபம் இருக்கிறதாம். நான் எதை நம்புவது?

செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். அதே சந்தை லேபுக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். எனக்கும் ஏஏ. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் ஏஏதான் எழுதுகிறார்களா, இல்லை, நானும் உபவாசம் இருந்தேனே, என் ரத்தமும் மாறிவிட்டதா? மாறியது நிஜமென்றால், ஃபோலா, ஆறு வயதில் அயோ என் மடியில் துடித்தபோது இதே வாயால் இதே கடவுளிடம்தானே கேட்டேன், அன்று ஏன் மாறவில்லை?

நாளைக் காலை சபைக்குக் கிளம்புமுன் என் தாளை மொரேனிகே கையில் கொடுக்கப் போகிறேன். என்னோடு பேச்சை நிறுத்தினாலும் நிறுத்தட்டும், நான் புதைத்தது போல அவள் ஒன்றைப் புதைக்க வேண்டாம். செய்வது சரியா, பாவமா, தெரியவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கை வேலை செழிக்கட்டும். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அங்கே எவளையாவது பார்த்து வைத்திருந்தால் பேரைக் கேட்பதற்கு முன் தாளைக் கேள், அதுவும் இரண்டு லேபில். நாளைக்கு எங்களுக்காக ஜெபம் பண்ணு. என்னவென்று பண்ணுவது என்று மட்டும் கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

உன் அம்மா,
இயா ஃபோலாரின்