தீப்பிடிக்காத துணி

அன்புள்ள ரஹ்மத்துக்கு, ஸலாம். தாராவியில நான் சுகம். உம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? நம்ம சின்னவ ஒழுங்கா சாப்பிடுதாளா?

போன்ல பேசினா உம்மா ஸ்பீக்கர் போட்டுக் கேப்பாங்க. அதான் ஊருக்கு வார இஸ்மாயில்கிட்ட இதைக் குடுத்துவிடுதேன்.

வடாலாவுல ஒரு பழைய சாயப்பட்டறையை இடிக்கப் போனோம். கான்ட்ராக்டரோட ஆளு பாத்துட்டு, "ஒண்ணுமில்ல, இடிங்க"ன்னுட்டான். கட்டட முதலாளி அவனை நம்பாம, வெளியில இருந்து தனியா, கட்டடத்தைச் சோதிக்கிற ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாரு. அவங்க முகமூடி போட்டு, பாய்லர் குழாயில சுத்தியிருந்த வெள்ளைத் துணியில நகத்தளவு வெட்டி லேபுக்கு அனுப்பினாங்க. இன்னைக்கு ரிப்போர்ட் வந்துட்டு. அது ஆஸ்பெஸ்டாஸாம், கல்நாரு. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா இருபது வருஷம் கழிச்சுக்கூட சீக்கு வருமாம். வேலையை நிறுத்திட்டாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாத.

போன ரம்ஜானுக்கு, கஞ்சிச் சட்டி இறக்கத் தோதா இருக்கும், தீயே பிடிக்காதுன்னு ஒரு வெள்ளைத் துணி கொண்டாந்தேன்லா? அதுவும் இப்படி ஒரு குழாயில உரிச்சதுதான். அதை உதறாத, எரிக்காத. மூக்கைக் கட்டிக்கிட்டு, தண்ணி தெளிச்சு நல்லா நனைச்சு, ரெண்டு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டுக் கட்டி வை. உம்மா கேட்டா தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு.

இஸ்மாயில் ரயிலுக்கு நேரமாச்சுன்னு நிக்கான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுல ஒரு துண்டு கிழிச்சு சின்னவ பொம்மைக்குப் போத்திவிட்டாள்னு சொன்னியே, நானும் சிரிச்சேனே. அந்தப் பொம்மை இன்னும் அவ பக்கத்துலதான் படுத்திருக்கா?

உன் மச்சான்,
சம்சுதீன்