பஸ்கா வாரத்தில் ரொட்டி வகுப்பு

அன்ஷெல்,

காலைத் தொழுகை முடிந்து நீ வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஜெப ஆலயத் தோழி தீர்ஸா இப்போதுதான் போன் செய்தாள். "மாவு நாங்க கொண்டு வரணுமா, நீயே வாங்கி வெச்சிருக்கியா?" என்றாள். எந்த மாவு என்று கேட்டேன். ஜெப ஆலயச் செய்திமடலைப் பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். "வரும் நிகழ்ச்சிகள்: ஞாயிறு காலை பதினொரு மணி, ஓய்வுநாள் ரொட்டி மாவைச் சடைபோல் பின்னும் வகுப்பு. இடம்: ஹிண்டா வீட்டுச் சமையலறை." ஞாயிறு என்றால் இன்றைக்கு! எழுதியது செயலாளராகிய நீ. கட்டின பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழன் மாலை பஸ்கா. வீட்டில் ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாதென்று மூன்று வாரமாக அலமாரி அலமாரியாகத் துடைத்திருக்கிறேன். டோஸ்டரைக்கூடக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. அந்தச் சமையலறைக்குப் பதினான்கு பெண்களை மாவோடு அழைத்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் தேதி குறிக்கிறவனுக்கு வீட்டு நாட்காட்டி தெரியாதா? "நல்ல எண்ணத்துலதான் போட்டேன்" என்று மட்டும் வந்து நிற்காதே.

சமையலறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஜீலாங்கில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கார் கொட்டகையில் மேசை போட்டிருக்கிறேன். நீயே வரவேற்று, நீயே பின்னிக் காட்டு. உன் சாப்பாடு கொட்டகை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கோழியை அங்கே இருக்கும் சிற்றடுப்பில் சூடாக்காமல் தின்னாதே.

ஹிண்டா

பி.கு.: மிச்ச ரொட்டி தேடும் சடங்கில், புதன் இரவு நீ மெழுகுவர்த்தியோடு தேடிக் கண்டுபிடிக்க, வருஷா வருஷம் பத்து ரொட்டித் துண்டுகளை நான் ஒளித்து வைப்பேன். இந்த வருஷம் ஒளிக்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி மட்டும் பெரிதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.