கேக் வெட்டும் வரை

பெருமதிப்பிற்குரிய கணவருக்கு,

மரியாதை இந்த ஒரு வரியோடு சரி. இனி வா, போதான்.

நான் நலம். உன் இருமல் நின்றதா? சுரங்கத்துக்குள் முகமூடி போடாமல் அளவெடுக்கிறாய் என்று, நம் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் சாமான் வண்டி ஓட்டுநர் உன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டார். சிக்னல் இல்லாத மலையில் இருப்பதால் தப்பித்தாய். தாளில் திட்டினால் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது.

முடிவு பண்ணியாயிற்று. ராஜினாமா எழுதிவிட்டேன். நான்கே வரி. போனில், மெயில் டிராஃப்டில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். நாம் பேசியபடியே, அடுத்த மாதக் கடைசியில் நீ இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடு. நான் அங்கே வந்துவிடுகிறேன். அடிவாரத்து ஊரில் ஒரு வீடு. வார இறுதியில் நீ. கல்யாணமான பிறகு நாம் ஒரே மேசையில் சாப்பிட்ட வேளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கணக்கை மாற்ற வேண்டும்.

விட்டுப் போக இங்கே பெரிதாக எதுவும் இல்லை. எங்கள் குழுவின் வேலை உனக்குத் தெரியும். கோடிப் பேர் பயன்படுத்தும் ஒரு செயலி படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத நாளுக்கு யார் கைதட்டுவார்கள்?

ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் தளத்தில் மூன்றில் ஒரு நாற்காலி காலி. அவற்றில் பைகள் உட்கார்ந்திருக்கின்றன. மேலிடம் பயந்துபோய் உற்சாக வாரம் அறிவித்திருக்கிறது. ஆளுக்கொரு நீலப் பனியன். எல்லாம் ஒரே அளவு. எனக்கு அது நைட்டி. பக்கத்து இருக்கை வக்கீலுக்கு அது தண்டனை. (சட்டம் படித்தவர் இல்லை. நான் எழுதும் நிரல் ஒவ்வொன்றிலும் ஆட்சேபம் கிளப்புவதால் வந்த பெயர்.) வெளியேறும் வாசலில் ஒரு பெட்டி. அதில் மூன்று முகங்கள்: சிரிப்பு, சும்மா, அழுகை. வீட்டுக்குப் போகும்போது ஒன்றை அமுக்க வேண்டும். சிரிப்பு முகம் கதவோரம், இடுப்பு உயரத்தில். எல்லார் பையும் அதில் இடித்துவிட்டுத்தான் வெளியே போகிறது. தளமே ஆனந்தத்தில் மிதப்பதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிருக்கிறது.

சந்தோஷமாக இருக்கிறேன். கொஞ்சம் லேசாகவும். பெட்டி கட்ட ஆரம்பிக்கிறேன்.

முகமூடி போடு.

உன்னவள்


என் அன்பே,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுவாய்.

செவ்வாய்க்கிழமை என் லேப்டாப் பேட்டரி உப்பிக்கொண்டது. கருவிகள் பிரிவில் கொடுத்தேன். மாற்றுக்கு இருப்பு இல்லை. "ரெண்டு நாள் ஆகும் மேடம், அதுவரைக்கும் ஜாலியா இருங்க" என்றார் அங்கிருந்தவர். ஜாலியாகவே இருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் மதியம், குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, எல்லாரும் காத்திருக்காங்க." கண்கள் சிவந்திருந்தன. கூட்ட அறைக்குப் போனால் கண்ணாடியெல்லாம் பலூன். மேசையில் கேக். கேக்கின் மேல் 'போய் வருக'.

பைக்குள் கிடந்த போன் டிராஃப்டைத் தானாக அனுப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? எழுதி வைத்தது எனக்கும் உனக்கும் மட்டுமே தெரியும்.

எங்கள் குழுவில் பிரிவு உபசாரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போகிறவர் நடு நாற்காலியில் உட்கார வேண்டும். கேக் வெட்டும் வரை வாயைத் திறக்கக் கூடாது. முன்பு ஒருவர் நன்றி சொல்ல எழுந்து, தன் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, சாயங்காலம்தான் முடித்தாராம். அன்று வந்தது இந்தச் சட்டம். நான் வாயைத் திறந்தேன். ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் "உஷ்ஷ்" என்றார்கள். மூடிக்கொண்டேன்.

முதலில் எழுந்தது புதுப்பெண். சேர்ந்த வாரமே சோதனைக் கணினி ஒன்றை அடியோடு அழித்துவிட்டவள். அந்த விசாரணை அறிக்கையை எழுதியது நான். அவள் பெயரைப் போடவில்லை. கதவைப் பூட்டாமல் வைத்தது குழுவின் தவறு, யார் தள்ளினாலும் திறந்திருக்கும் என்று எழுதியிருந்தேன். எழுதியதே எனக்கு மறந்துவிட்டது. அன்று மதியமே வேலையை விட்டு ஓட அவள் பையை எடுத்து வைத்திருந்தாளாம். "அந்தக் கதவு வரியப் படிச்சிட்டு பையத் திரும்ப கீழ வச்சேன்க்கா."

அடுத்தது அலாரம், எங்கள் மேலாளர். நேரம் காலம் பார்க்காமல் போன் செய்வதால் அவருக்கு அந்தப் பெயர். எழுந்து, தொண்டையைச் செருமி, மேசையைத் துடைத்து, மறுபடி செருமி, "இவங்களுக்கு எப்ப போன் பண்ணாலும் திட்டிக்கிட்டே எடுப்பாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா எடுப்பாங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வக்கீல். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "அஞ்சு வருஷமா இவங்க எழுதுறதுல தப்புக் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிக்கணும்னா முழுசா படிக்கணும். படிச்சு படிச்சுத்தான் நான் ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டேன். இதை முன்னாடியே சொல்லியிருந்தா இவங்களுக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும். இப்ப போறாங்க, ஏறட்டும்."

இன்னும் சிலர் பேசினார்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சட்டத்தை மீறாமல் அழுதேன். சத்தம் வரவில்லை.

நான் யோசித்தது இதுதான். இவ்வளவையும் இவர்கள் எங்கே வைத்திருந்தார்கள்? எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இதையெல்லாம் முதல்முறையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் வராமல் போயிருக்கிறார்கள்?

கத்தியை எடுக்கும்போதுதான் மனிதவளத் துறைப் பெண்மணி மூச்சிரைக்க ஓடிவந்தார். "நிறுத்துங்க! வெட்டாதீங்க! இவங்க ராஜினாமாவே பண்ணல!"

நடந்தது இது. போகிறவர்கள் கசப்போடு போகக்கூடாது என்று, கடைசி நாளில் தானாகக் கேக்கும் அறையும் ஏற்பாடு செய்து மற்ற எல்லாருக்கும் மெயில் அனுப்ப ஒரு நிரல் இருக்கிறது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தவர், மாற்று வாங்காதவர். அப்படியானால் வேலையை விட்டவர். அது அப்படித்தான் கணக்குப் போடும். அந்த நிரலை எழுதிக் கொடுத்தது எங்கள் குழு. வக்கீல் ஆட்சேபமே இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே நிரலும் அதுதான். அன்றைக்கு அவருக்குப் பல்வலி.

அறையே என்னைப் பார்த்தது. அலாரம் கேட்டார்: "அப்ப நீங்க போகலையா?"

நான் "ஐயய்யோ, இல்ல சார்" என்றேன்.

யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. போனில் நான்கு வரி அப்படியே இருந்தது, அனுப்பப்படாமல். பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வக்கீல் உடனே, "நான் சொன்னதெல்லாம் வாபஸ்" என்றார். சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. கேக்கில் 'போய்' என்று எழுதியிருந்த துண்டை அலாரம் வெட்டித் தானே தின்றுவிட்டார்.

உனக்கு வாக்குக் கொடுத்தது நான். முறிப்பதும் நானே. கோபப்படு, நியாயம்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கோபப்படு. இது உன் கைக்குச் சேரும் வரை வேறெங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். "ஏம்மா, நான் சாப்பிட வேண்டாமா?" என்கிறார்.

உன்னவள்


என் கண்ணே,

உன் பதில் வந்தது. சிரித்ததில் இருமல் திரும்பிவிட்டதாம். நான் பொறுப்பில்லை. கையெழுத்து இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். "நான் அங்கே வந்து என்ன செய்வது, நீலப் பனியன் மாட்டிக்கொள்வதா?" என்று கேட்டிருக்கிறாய்.

அதற்கு முன் இங்கத்திய செய்தி. அலாரத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், டிராஃப்ட் உட்பட. தன் போனை எடுத்துக் காட்டினார். அவரிடமும் ஒன்று இருக்கிறது. அவ்வப்போது திருத்தி எழுதுவாராம். "உங்களோடது நாலு வரிதானா? என்னோடது நல்லா வந்திருக்கு, படிக்கிறீங்களா?" இரண்டு பேரும் அங்கேயே அழித்தோம். அவருக்குத்தான் மனசே வரவில்லை. நல்ல நடையாம்.

மாதம் ஒருவரை, எங்கும் போகாத ஒருவரை, நாற்காலியில் உட்கார வைக்கிறோம். முதலில் வக்கீல். வாயைத் திறக்காமல் இருக்க அவர் பட்ட பாடு! முகம் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. விஷயம் மேலிடத்தின் காதுக்குப் போய், இதற்கு ஒரு படிவமும் மதிப்பெண்ணும் வைக்கலாம் என்றார்கள். வக்கீல் போய், வேண்டாம் என்று வாதாடினார். முதல்முறையாக நியாயமான ஒரு வழக்கு. ஜெயித்துவிட்டார். இப்போதும் ஆட்கள் போகிறார்கள். எல்லாரையும் ஒரு நாற்காலியால் பிடித்து வைக்க முடியாது. ஆனால் பைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு மனிதர்கள் வந்திருக்கிறார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நிலத்தடி ரயிலுக்குத் தோண்டுகிறார்கள். தகர வேலி. நேற்று வேலி ஓரம் நின்று, தொப்பி போட்ட ஒரு பொறியாளரைக் கூப்பிட்டேன். சுரங்கத்துக்குள் அளவெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமா என்று கேட்டேன். மனிதர் வேலியைத் தாண்டி வந்துவிடுவார் போலிருந்தது. "எங்க இருக்காரு? வர்றவங்க எல்லாம் ஆறு மாசத்துல ஓடிடறாங்க மேடம்!" என்றார். அங்கேயும் இதே கதைதான். அவருடைய எண் இந்தக் கடிதத்தின் பின்பக்கம்.

இங்கே மலை இல்லை. காலையில் பனி இல்லை. உனக்குப் பிடித்த அந்த மௌனம் இல்லவே இல்லை. அதையெல்லாம் விட்டுவரச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் கிளம்பி வருவேன். இது சத்தியம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் இல்லை.

வீட்டுக்கார அம்மா காலையில் வந்தார். காலி செய்வதாகச் சொல்லியிருந்தீர்களே, புது ஆள் பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம், இருக்கிறோம் என்றேன். "எத்தனை பேரும்மா?" என்றார். "ரெண்டு பேர்" என்றேன்.

உடனே ஆள் அனுப்பி, சமையலறையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். பாவம், நல்ல மனுஷி. அவரிடம் நான் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

முகமூடி போடு. வேளைக்குச் சாப்பிடு. உன் மனசுக்கு எது சரியோ அதைச் செய். நல்லபடியாக இரு.

மேசை இப்போது ஆடவே இல்லை.

உன்னவள்