கருப்பட்டிக்கு முன்னால் கேட்க வேண்டியது

என் உசுரு அக்காவுக்கு,

உனக்கு வந்த அதே இருமல் எனக்கும் வந்துவிட்டது. அதே மார்புப் புற்றுக் கட்டி, கதிர்வீச்சு என்கிற அதே கரண்ட் வைத்தியம், அது முடிந்து ரெண்டு மூணு மாதத்தில் அதே வறட்டு இருமல். படியேறினால் மூச்சு வாங்குகிறது. அந்த இருமலோடுதானே நீ போய்ச் சேர்ந்தாய்?

நம் தீப்பெட்டி ஆபீஸில் இருமலை யார் மதிக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பவள் ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் திணிப்பாள், அவ்வளவுதான். உனக்குத் திணித்த அதே மும்தாஜ் எனக்கும் திணித்தாள். "எல்லாம் தீக்குச்சி மருந்து நெடிதான்ட்டி. வாயில போட்டு ஒதுக்கிக்கோ" என்றாள். நெடியாம் நெடி! நீயும் அதைத்தானே சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வராமலே இருந்தாய்? கருப்பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளையே துணைக்கு இழுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்கேன் மேசையில் படுக்க வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார்கள். அது முடிந்தால் நான் ஏன் அங்கே வருகிறேன்? பாதியிலேயே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. திரும்ப எடுத்தார்கள். புற்று நுரையீரலுக்குப் போயிருந்தால் என் மகளுக்கு யார் இருக்கிறார்கள் என்பதே நினைப்பாக இருந்தது.

டாக்டரம்மா ரெண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, கரண்ட் எங்கே பாய வேண்டும் என்று முன்பு குறித்த படம். இன்னொன்று, இன்றைய நுரையீரல். அதில் வெள்ளையாக ஒரு மூட்டம்.

"பாத்தீங்களா? கரண்ட் போன எடத்துக்குள்ளயே வெள்ளை நிக்குது, வரப்பு கட்டுனாப்ல. புத்து இப்படி எல்லை பாத்து நிக்காது. இது கரண்டுனால வந்த வீக்கம். மாத்திரை தாரேன், நீங்களா நிறுத்திராதீங்க. மறுபடி படம் எடுத்து எவ்வளவு வத்திருக்குன்னு அளப்போம்."

எனக்கு அழுகை முட்டியது. மும்தாஜ்தான் கேட்டாள்: "இவ அக்காளும் இப்படித்தான் இருமுனா டாக்டர். அவளுக்கும் இதுதானா?"

"அப்ப படம் எடுத்தீங்களா?"

"இல்ல" என்றாள் மும்தாஜ்.

"எடுக்காம எப்படிம்மா சொல்லுதது?"

கோவில்பட்டி வந்து சேரும்வரை மும்தாஜ் நான் திருப்பிக் கொடுத்த கருப்பட்டியைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ உன் மேல் கோபம் கோபமாக வந்தது. மாத்திரைக்கு வற்றுகிற வீக்கத்துக்கா உன்னைக் கொடுத்தோம்? இல்லை, புற்றேதானா? இனி யாரிடம் போய்க் கேட்பேன், அக்கா?

நேற்று ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி இருமினாள். வழக்கம்போல நாலைந்து கைகள் கருப்பட்டியோடு நீண்டன. மும்தாஜ் அத்தனையையும் தட்டிவிட்டாள். "ஏட்டி, நீ எப்பவாச்சும் கரண்ட் வச்சிருக்கியா? மொதல்ல அதச் சொல்லு." அந்தப் பெண் மிரண்டுபோய் இல்லையென்று தலையாட்டிய பிறகுதான் தன் கருப்பட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் மறுபடியும் ஸ்கேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன், மாத்திரையை நிறுத்த மாட்டேன். மும்தாஜ் கேட்க மறக்கிற அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் கேட்பேன். உன் மேல் சத்தியம்.

கோபம் தீராத உன் தங்கச்சி,
செல்வி