பெயிண்ட் காயாத இரும்பு

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

போன வாரம் பொங்கலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் என் மானம் போனது. பைப் புதைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது நம் பொக்லைன் பாதியில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து தலையை எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் நீட்டி, "பத்தொன்பது" என்றேன். கையில் ஏதோ சுடச்சுட வந்தது. திரும்பிப் பார்த்தால் டீ டம்ளர். தோப்புக்காரர் நிற்கிறார். "பத்தொம்பதெல்லாம் இல்லீங்க, ஒண்ணுதானுங்க இருக்குது," என்றார்.

தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், டீயையும் குடித்தேன். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. நீங்கள் போய் நாலு வருடம் ஆகப்போகிறது. என் கைக்கு மட்டும் இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

வண்டி நன்றாக இருக்கிறது. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். கணியூரில் ஒரு செங்கல் சூளை ஓரம், சக்கரத்துக்குள் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்ததை இழுத்து வந்து இரண்டு வருடம் பாடுபட்டோமே, அதே வண்டிதான். பாடுபட்டோம் என்று கூசாமல் எழுதுகிறேன் பாருங்கள். எஞ்சினை இறக்கிப் பிரித்தது நீங்கள். சிலிண்டருக்கெல்லாம் சீல் மாற்றியது நீங்கள். தேய்ந்த பின்னுக்கும் புஷ்ஷுக்கும் லேத் பட்டறை வாசலில் காத்துக் கிடந்தது நீங்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிய நான், நீங்கள் எடுத்துக் கொடுத்த ஸ்பேனரால் நாலு நட்டை முறுக்கிவிட்டுப் பெயிண்ட் அடித்தேன். "ஆருங்க ரெடி பண்ணுனது?" என்று யாராவது கேட்டால் முன்னால் போய் நின்றதும் நான்தான்.

"எங்கூட்டுக்காரரு வைத்தியம் பாப்பாரு, எங்கண்ணன் பவுடர் பூசி உடுவாரு," என்று பூங்கொடி கிண்டல் செய்வாளே. என் தங்கை அப்படியெல்லாம் பேசி வெகுநாள் ஆகிறது.

உங்களுக்குத் தெரிந்ததை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன் பக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அதன் அடியில் வேலை பார்ப்பதென்றால், பக்கெட் இறங்கிவிடாதபடி சிலிண்டர் தண்டின் மேல் ஓர் இரும்பை முட்டுக் கொடுத்து மாட்ட வேண்டும். ஆயுத பூஜை வருகிறதே என்று அந்த இரும்பைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், சிவப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, சாமி ரூமில் நிறுத்தி வைத்திருந்தேன். அடித்த அன்றைக்கே காய்ந்துவிட்டது. பூஜைக்கு முன்னால் மாட்டினால் கீறல் விழுமே என்று கொண்டுவரவில்லை. அதுதான் நிஜம்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, பக்கெட்டைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் ஹோஸில் கசிந்தது. நீங்கள் தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் போய் நட்டை முறுக்கினீர்கள். ஹோஸ் பிய்த்துக்கொண்டது. பக்கெட் இறங்கிவிட்டது.

போலீஸ்காரர் கேட்டார், "முட்டுக் குடுக்காம ஏன்யா உள்ள போனாரு?"

"அவசரப்பட்டுட்டாருங்க," என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் மாப்பிள்ளை. ஸ்டேஷனிலிருந்து அது ஆஸ்பத்திரிக்கு வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து சுடுகாட்டுக்கு வந்தது. இன்றைக்கு டீக்கடையில் டிரைவர் எவனாவது அரைகுறையாக வேலை செய்தால், "என்றா, சம்முகம் வேல பாக்கறயா?" என்கிறார்கள். நட்டை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற மனுசன் பெயர் அதற்குத்தான் பயன்படுகிறது. அடுத்தவனைச் சொல்வானேன்? என் மகன் மொபெட்டை முறுக்கினால், "உங்க மாமனாட்டம் அவசரப்படாதடா," என்று நானே கத்துகிறேன். வாய் கூசவே இல்லை. இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தப் பக்கெட்டுக்கு மறுபடியும் மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டேன். ஷெட்டுக்கு வந்தவர்கள், "புதுசாட்டவே இருக்குதுங்க," என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்ன பிறவி நான்?

பூங்கொடி இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். போன ஆயுத பூஜைக்கு உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். சிவப்பு இரும்பு வண்டியில் மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானுங்ண்ணா அது?"

"ஆமா கண்ணு."

"மாட்டறதுக்கு எத்தன நேரமாகும்?"

"ரெண்டு நிமிசம்."

மகளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்க. ரெண்டு நிமிசமாமா. உங்கொப்பனுக்கு நம்மள நெனச்சுப் பாக்க அந்த ரெண்டு நிமிசம் இல்லாமப் போச்சு."

உங்கள் மகள் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தாள், எஞ்சினுக்கு வைத்தாள், அந்த இரும்புக்கும் வைத்தாள். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற உங்கள் படத்துக்கு வைக்கவில்லை. நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "வாழப்பழம் சாப்படறயா கண்ணு?"

வருடா வருடம் உங்கள் நினைவு நாள் நோட்டீஸில், 'மீளாத் துயரில்' என்று முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் இந்தக் கடிதத்தைத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நாளைக் காலையில் பூங்கொடி கையில் இதைக் கொடுப்பேன். அவளும் உங்கள் மகளும் கடைசி வரிவரை படித்து முடிக்கும் மட்டும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பழம் ஏதும் வாங்கிக்கொண்டு போக மாட்டேன். வேடிக்கை பேசவும் மாட்டேன். இது சத்தியம்.

வாயால் இதுவரை யாரிடமும் சொல்லாதது இதுதான். அன்றைக்கு ஷெட்டில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். பக்கெட் தூக்கி நின்றது. நீங்கள் அடியில் போகவில்லை.

"அந்த இரும்பு எங்கீங்க மச்சான்? அது இல்லாம நான் போகமாட்டனுங்க," என்றீர்கள்.

"ஊட்டுல இருக்குதுங்க மாப்ள. பெயிண்ட் காயல," என்றேன்.

"பத்து நிமிசத்துல போயி எடுத்தாந்தர்றனுங்க," என்று உங்கள் பைக் சாவியை எடுத்தீர்கள்.

நான் சிரித்தேன். "எந்தங்கச்சி உங்கள நல்லாப் பயமுறுத்தித்தான் வெச்சிருக்கறா. போங்க மாப்ள, பக்கெட் எறங்காம நான் லீவரப் புடிச்சுக்கறேன்," என்றேன்.

நீங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். சாவியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

உங்கள் மச்சான்,
பூங்கொடியின் அண்ணன்.